மோர்க்காரி எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை

பங்குனி மாதத்து ஒரு மத்தியானம், தூங்காப்பாறைக் கோட்டை மண்டபத்தின் தூண் ஒன்றில் எத்தனையோ நூறு வருஷமாகத் தலையில் பானையோடு நிற்கிற கல் பொம்பளை, கும்பகோணத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் குடும்பம் அலறவுமில்லை, கும்பிட்டு விழவுமில்லை. பதிலுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மலையிறங்கி வந்து, என் கடையில் பேரம் பேசி ஆளுக்கொரு தொப்பி வாங்கிக்கொண்டு, "உங்க ஊர்ச் சிலை மரியாதை தெரிஞ்ச சிலைங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டது. வெயிலில் மூளை கலங்கிய கூட்டம் என்று நான் நினைத்தேன். மறுநாள் ஈரோட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு மறுநாள் கேரளாவிலிருந்து வந்த கன்னியாஸ்திரீகளைப் பார்த்து, அதற்கும் மறுநாள் பெல்ஜியமோ எதுவோ ஒரு தேசத்து வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்து. போனவர்கள் போன இடத்தில் சொல்ல, கேட்டவர்கள் கேட்ட கையோடு கிளம்பி வர, ஆடிக் காற்று அடங்குவதற்குள் எங்கள் கோட்டைத் தெருவில் வேன் திருப்ப இடமில்லாமல் போனது.

அவளை நாங்கள் மோர்க்காரி என்போம். தொல்லியல் துறை நட்டுவைத்த பலகையில் 'பெண் சிற்பம்' என்று மட்டும் இருக்கும். இடுப்பில் ஒரு கை, தலையில் பானை, பானை வாயில் கவிழ்த்த அளவுக் கிண்ணம், வெயிலுக்குச் சுருங்கிய கண். இவள் மோர் விற்கிறவள் இல்லாமல் வேறு யார்? சாமி இல்லை என்பதால் பூவும் கிடையாது, விளக்கும் கிடையாது. அவள் முழங்கையில் துண்டை மாட்டிவிட்டுத்தான் எங்கள் ஆம்பளைகள் சீட்டாடினார்கள். அவள் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே கயிறு கட்டித்தான் நான் என் மகளைத் தொட்டிலில் போட்டேன். அவள் காதுபடத்தான் இந்தத் தெருவின் அத்தனை கல்யாணமும் பேசி முடிந்தது, அத்தனை சண்டையும் பேசி முடியாமல் கிடந்தது. இவ்வளவு பழகியும், எங்களில் ஒருத்தரைப் பார்த்துக்கூட அவள் உதட்டை அசைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களைப் பார்த்துத்தான் சிரித்தாள். நாங்கள் பக்கத்தில் நின்றால் எங்களுக்குத் தெரிவது வெறும் கல். எங்கள் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிற சேலத்துக்காரன் "ஆகா, சிரிக்கிறாப்பா!" என்று கையைத் தட்டுவான், நாங்கள் அவன் வாயைப் பார்ப்போம், அவள் வாயைப் பார்ப்போம், பிறகு தரையைப் பார்ப்போம். போட்டோவிலும் அந்தச் சிரிப்பு விழவில்லை. எப்படித்தான் சிரிக்கிறாள் என்று கேட்டால் ஒருவன் எங்கம்மா மாதிரி என்பான், ஒருத்தி பேங்கில் வேலை பார்க்கிற பொண்ணு மாதிரி என்பாள். பிளாஸ்டர் பொம்மை வார்க்கிற எங்கள் தெருக்காரன் அத்தனையையும் கேட்டு அத்தனை விதமாகவும் பொம்மை செய்தான். பல்லைக் காட்டுகிற மோர்க்காரி, கன்னத்தில் குழி விழுகிற மோர்க்காரி, ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற மோர்க்காரி. எல்லாம் விற்றது. எது சரி என்று விற்ற எங்களுக்குத் தெரியாது.

ஊர் இந்த அதிசயத்தைச் சோற்றோடு பிசைந்து தின்று பழகிக்கொண்டது. மலையிறங்கி வருகிறவர்களைச் "சாப்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு "சிரிச்சாளா" என்று கேட்டோம். பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஊர்ப் பேரை மறந்து "சிரிக்கிறவ ஸ்டாப்பு" என்று கத்தினார்கள். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரை முதலில் மலையேற்றி, அவள் சிரிப்பைக் காட்டி, மனசைக் குளிரவைத்து, அப்புறம்தான் வீட்டுக்குக் கூட்டிவந்து பஜ்ஜி வைத்தார்கள். எல்லாருக்கும் வியாபாரம் நடந்தது, எனக்கும் நடந்தது. ஆனால் வயிறு எரிந்தது. தண்ணீர்ப் பாக்கெட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு அந்த மலைப்படியில் ஏறியிறங்கி, திட்டு வாங்கி, திட்டுக் கொடுத்து, கடை என்று ஒன்றை ஊன்றி நிற்கிறவள் நான். யாரோ ஒரு ஊர் பேர் தெரியாதவன், ஏசி வேனில் வந்து இறங்கி, சீட்டைக் கிழித்த மறுநிமிஷம் அவள் சிரிப்பை வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் எரியாதா?

எரிந்தது எனக்கு மட்டுமா? தெருவுக்கே எரிந்தது. வெளியூர்க்காரர்களுக்குத்தானே சிரிக்கிறாள், நாம் வெளியூர்க்காரர்களாகிவிட்டால் போயிற்று என்று ஒரு யோசனை கிளம்பியது. ஒரு கூட்டம் பக்கத்து டவுனுக்குப் போய் லாட்ஜில் தங்கி, காலையில் அங்கிருந்து பஸ் ஏறி, முதல் தடவையாக வருகிறவர்களைப் போல "மண்டபத்துக்கு எப்படிங்க போகணும்" என்று சொந்த மச்சானிடமே வழி கேட்டு, டிக்கெட் எடுத்து மலையேறியது. என் வீட்டுக்காரர் மாயழகு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, தெரிந்த ரெண்டு இந்தி வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் என் கடைக் கறுப்புக் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, அவள் முன்னால் போய் "வாவ்" என்றேன். நாலு ஊருக்கு மோர் விற்ற கண்ணுக்கு ஆள் தெரியாதா? எருமை குறுக்கே வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிக்கிட்டவளும் சிரிக்கல, கல்லும் சிரிக்கல, எனக்கு வாச்சது அப்படி" என்றார் மாயழகு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன்.

இதுவரை கூடப் பொறுத்திருப்பேன். சூசை விஷயம்தான் என்னைப் படுத்திவிட்டது.

சூசை தூத்துக்குடிப் பக்கத்து ஆள். சோடா பாட்டில் லோடு இறக்க வந்தவன், இங்கேயே ஒரு வண்டியைப் போட்டு, என் கடைக்கு எதிரிலேயே எலுமிச்சை சோடா விற்று, இந்தத் தெருப் பெண்ணையே கட்டி, மகளையும் இந்தத் தெருவிலேயே கொடுத்தவன். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பெண்டாட்டியைப் புதைத்த இடம் இங்கே. எனக்கும் அவனுக்கும் நிழலுக்குச் சண்டை, தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை, வேன் நிற்கிற இடத்துக்குச் சண்டை. அந்தச் சூசை ஒருநாள் மேலே சோடாக் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு போனவன், முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"என்னண்ணே, பாம்பைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"சிரிச்சிட்டா" என்றான்.

"யாரு?"

"அவதான். என்னையப் பாத்து."

தெருவே ஓடிவந்துவிட்டது. நான் அவனை விடவில்லை. "பாத்தீங்களா, இத்தனை காலம் நம்ம தண்ணியக் குடிச்சிட்டு நம்மாளு மாதிரி நடிச்சவனைக் கல்லே காட்டிக் குடுத்துருச்சு! யோவ், மாப்ளைக்கு அடிச்ச யோகத்தைப் பாரு! அப்பறம் என்ன, நல்லாப் பல்லைக் காட்டுனாளா? எங்களுக்கும் கொஞ்சம் அள்ளிட்டு வந்திருக்கலாம்ல?" என்று அவன் வண்டிக்கு முன்னாலேயே நின்று கத்தினேன். திருப்பிக் கத்துவான் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தேன். அவன் ஐஸ் பெட்டியை மூடினான். அன்றிலிருந்து அவன் மலைப்பக்கம் கால் வைக்கவில்லை. கிடைத்த வரத்தை வேண்டாம் என்கிற திமிரைப் பார் என்று அதற்கும் எரிந்தேன்.

இதற்கிடையில் அவள் காலடியில் தூள் விழ ஆரம்பித்தது. அரிசிமாவுக் கோலம் கலைந்த மாதிரி, சாயங்காலம் ஆனால் தூணடியில் மெல்லிசாக ஒரு வெள்ளை. கல்லுக்குச் சிரிப்பு சும்மா வருமா? கன்னத்துக் கல் ஏறி இறங்க வேண்டும், உதட்டுக் கல் விரிய வேண்டும். கூட்டமோ ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற கூட்டமில்லை. வெளியே போய் மறுபடி உள்ளே வந்து, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று நின்றது. கிஷோர் என்று ஒரு டிராவல்ஸ்காரன், சிரிப்பு கியாரண்டி என்று பஸ்ஸிலேயே எழுதி ஒட்டி, பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து கொட்டினான். மூக்கோரத்திலிருந்து உதடு வரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. தீபாவளி லீவு முடிகிற நேரத்தில் இடது கன்னத்திலிருந்து நகத்தளவு சில்லு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதை நான்தான் பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போய்த் துறை ஆபீசில் கொடுத்தேன்.

அதைப் பார்க்க வந்தவர்தான் ஹேமலதா மேடம், பழுது பார்க்கிற பிரிவின் அதிகாரி. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மோர்க்காரி அவரையும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். எல்லாரும் கையைத் தட்டுகிற இடத்தில் அந்தம்மா துப்பட்டாவால் தன் முகத்தை மூடிக்கொண்டார். "ஐயோ, சிரிக்காதே, சிரிக்காதே" என்று மூடிய முகத்தோடு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து, படியில் உட்கார்ந்தார். பிறகு மண்டபத்தைக் காலவரையில்லாமல் மூடப்போவதாகச் சொன்னார்.

தெரு கொதித்தது. கடையைச் சாத்திவிட்டு மறியல் செய்யலாம் என்றது ஒரு கூட்டம், மேடத்தை ஊருக்குள்ளேயே விடக்கூடாது என்றது இன்னொன்று. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கத்திரிக்காய் விற்கிறவளே என்னைக் கண்டால் கூடையை மூடுவாள். பேரத்தில் நான் தோற்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

போனேன்.

"மேடம், மூடுறேன்னு சொன்னீங்களாம். எங்க அடுப்பையும் சேத்து மூடிட்டுப் போங்க" என்று ஆரம்பித்தேன்.

"அந்த முகத்தைப் பாத்தீங்களாம்மா? இப்படியே போனா அடுத்த வருஷம் அங்க மூஞ்சியே இருக்காது. அப்ப யாரு வருவா உங்க ஊருக்கு?"

"வயித்துக்குப் பதில் சொல்லுங்க, அப்பறம் மூஞ்சிக்கு வரலாம்."

"ஒரு வருஷம் மூடுறேன்."

"ஒரு நாள்."

"என்னம்மா, கத்திரிக்காயா வாங்குறீங்க?"

"கத்திரிக்காயா இருந்தா நாளைக்கு வேற காய்க்கும் மேடம். அதனாலதான் இவ்வளவு நேரம் நின்னு பேசுறேன்."

அந்தம்மா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு விலை இறங்காத ஆளை நான் பார்த்ததில்லை. அவர் ஆறு மாதம் என்றார், நான் வாரத்துக்கு அரை நாள் என்றேன். அவர் மழைக்காலம் முழுவதும் என்றார், நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். வெயில் சாய்கிறவரை பேசி, ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். ஒரு நேரத்தில் கொஞ்சம் பேர்தான் உள்ளே. ஒரு தடவை சிரித்தால் போதும், மறுபடி நுழையக் கூடாது. கிஷோர் பஸ்ஸிலிருந்து அந்த எழுத்தைச் சுரண்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க மண்டபத்துக் கதவைச் சாத்த வேண்டும்.

"செவ்வாக்கிழமை காவலுக்கு எங்க தெரு ஆளு ஒருத்தர் உள்ள இருக்கணும். அந்த ஆளு நான்தான்" என்றேன்.

"நீங்க எதுக்கு?"

"உங்க ஆளுங்களைப் பாத்தா அவ சிரிச்சுத் தொலைப்பா. என்னையப் பாத்தா சிரிக்க மாட்டா."

அதைவிடப் பொருத்தமான காவலாளி இல்லை என்று அந்தம்மாவுக்குப் பட்டுவிட்டது. என் கணக்கு வேறு. கூட்டமில்லாத நாளில், நானும் அவளும் மட்டும் இருக்கையில், அவளிடமிருந்து ஒரு சிரிப்பைக் கறக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கெஞ்சியோ திட்டியோ வாங்கிவிடுவது.

முதல் செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினேன். பானைக்குக் கீழே அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது. உதட்டோரம் ரெண்டும் கீழே தொங்கின. தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் கேட்டது. நாள் முழுக்கப் பல்லைக் காட்டித் தொப்பி விற்றுவிட்டு ராத்திரி சோற்றை மெல்லும்போது என் தாடை அப்படித்தான் வலிக்கும். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக என் மேல் கண்ணை நிறுத்திப் பார்த்தாள். 'நீதானா' என்கிற பார்வை. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, என் முன்னாலேயே, இடுப்பில் வைத்த கையை எடுக்காமலேயே, கண்ணை மூடித் தூங்கிப் போனாள்.

சந்தையில் சரக்கைப் பரப்பிவிட்டு ஒரு வியாபாரக்காரி இன்னொருத்தி முன்னால் கண்ணை மூட மாட்டாள். மூடினாள் என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நான் கெஞ்சவுமில்லை, திட்டவுமில்லை. சேலையை இழுத்து மூடிக்கொண்டு எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் தூணடியைத் தடவிப் பார்த்தேன். கையில் தூள் ஒட்டவில்லை.

கதவைப் பூட்டிவிட்டு நேராகச் சூசை வண்டிக்குத்தான் போனேன். வேறு யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?

"உனக்கு உதட்டுச் சிரிப்புத்தான் சிரிச்சா. எனக்கு முன்னாடி தூங்குனாய்யா! கொட்டாவி விட்டா! நீ பாத்திருக்கியா? இனி ஏழு ஜென்மம் எடுத்தாலும் பாப்பியா?"

சூசை எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தவன் கத்தியைப் பலகையில் குத்தினான். "போதும் நிறுத்து பஞ்சவர்ணம்! ஒனக்குச் சிரிக்கலன்னு இத்தன நாளா ஊரக் கூட்டி அழுதல்ல? எனக்குச் சிரிச்சிட்டாளேன்னு நான் எங்கன போய் அழ? எம் பொண்டாட்டிய இந்த மண்ணுலதான வச்சிருக்கேன்? எம் பேரன் இந்தத் தெருவுலதான தவழுதான்? இன்னும் நான் விருந்தாளியா அவளுக்கு? வாங்க, டிக்கெட் எடுங்க, பாத்துட்டுக் கெளம்புங்கன்னு சிரிக்கா என்னையப் பாத்து!"

பலகையில் நின்ற கத்தியைப் பிடுங்கி, மிச்ச எலுமிச்சையை நான் நறுக்கிக் கொடுத்தேன். அதுவே எனக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். நறுக்கிக்கொண்டே, "வர்ற செவ்வாக்கிழமை நீயும் உள்ள வாண்ணே" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"வேண்டாம். நான் வந்தா முழிச்சிக்கிடுவா. சிரிக்கணும்லா. அவ தூங்கட்டும்."

அடுத்த செவ்வாயிலிருந்து அவன் தன் சோடா வண்டியை மலைமேல் தள்ளிக்கொண்டு வந்து, மண்டபக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினான். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தெரியாமல் வருகிறவர்களை "இன்னைக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினான். உள்ளே நான், வெளியே அவன், நடுவே கதவு. அவன் ஒருநாளும் இடுக்கில்கூடக் கண்ணை வைக்கவில்லை. பார்க்காமலேயே ஒருத்தியை இப்படிக் காக்க முடியுமா என்று, அந்தக் காவல்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. மூக்கோரத்துக் கோடு அதற்குமேல் நீளவில்லை என்று ஹேமலதா மேடம் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

தூங்குகிறாள் என்கிற செய்தியைச் சூசையைத் தவிர என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். அவரிடம் சொன்னது ஊருக்குத் தெரிந்து, ஊருக்குத் தெரிந்தது கிஷோருக்குத் தெரிந்தது. தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மினுமினுக்கிற சட்டையோடு ஏறி வந்து, சூசை தடுக்கத் தடுக்க வண்டியைச் சுற்றிக்கொண்டு கதவைத் தட்டினான்.

"அக்கா, சிரிப்பெல்லாம் பழசாயிடுச்சு. இப்ப பார்ட்டிங்க கேக்குறது தூங்குற மோர்க்காரி. கதவு லேசாத் திறந்தாப் போதும், நாலே நாலு பேரு, சத்தமே போட மாட்டாங்க. நீங்க விலை சொல்லுங்க."

கதவைப் பாதி திறந்து வாசலில் நின்றேன். விலை கேட்ட ஒருத்தனுக்கு விலை சொல்லாமல் என் வாய் மூடிக்கிடந்ததே இல்லை. செருப்பை அறுத்துக்கொண்டு நிற்கிறவனிடம்கூட ஒரு விலை சொல்லியிருக்கிறேன். இவனுக்கு அவள் கொட்டாவியா? என் எதிரில் மூடுகிற கண்ணை இவன் கூட்டிவருகிற கூட்டம் பார்ப்பதா?

"சொல்லுங்கக்கா. எவ்வளவுன்னாலும்."

"கீழ இறங்கு."

"ரெட்டிப்பாத் தர்றேன்க்கா."

"நான் ஒண்ணுமே சொல்லல, நீ எதை ரெட்டிக்கிற? இறங்குடா!"

அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி என் தோளுக்கு மேலாகக் கதவைத் தள்ளினான். கதவு முழுசாகத் திறந்தது. தை மாதத்து வெயில் மோர்க்காரியின் காலில் போய் விழுந்தது. எனக்கு முதுகுப்பக்கம் கல் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். இமை அசைகிறது; இத்தனை செவ்வாய் காத்த கண்ணுக்கு இப்போது அதுவும் தெரிகிறது. வெளியூர் ஆள் வாடை அடித்ததும், விடிகாலையில் கதவைத் தட்டிய வாடிக்கைக்காரனுக்கு எழுந்திருக்கிற மாதிரி, அந்தச் சில்லு பெயர்ந்த கன்னம் மெல்ல மேலே ஏறப் பார்க்கிறது.

சூசை தன் வண்டியைத் தாண்டி எப்படி வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே பாய்ந்துவிட்டான். கிஷோரின் கண்ணுக்கும் அவளுக்கும் நடுவே, கையிரண்டையும் அகல விரித்துக்கொண்டு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றான். ஆனால் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். நான் கிஷோரின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டேன்.

"போயிட்டானா?" என்றான் சூசை, கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டான்."

"நானும் போயிருதேன். சிரிக்காளா?"

நான் பார்த்தேன். மேலே ஏறப்போன கன்னம் பாதியில் நின்றிருந்தது. "நீயே பாருண்ணே" என்றேன்.

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை.

மோர்க்காரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்ட கண், நெரித்த புருவம், தொங்கிப்போன உதடு. ஆம்பளை வேளை கெட்ட வேளையில் வந்து கதவை இடித்தால் வீட்டுப் பொம்பளை பார்ப்பாளே, அந்தப் பார்வை. பார்க்கவேண்டிய மட்டும் பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொறைச்சா!" என்றான் சூசை. "பஞ்சவர்ணம், பாத்தியா, என்னையப் பாத்து மொறைச்சா!" அவள் காலடியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அவள் தூக்கம் கலையாதபடி அழுதான்.

நான் கதவில் சாய்ந்து நின்று, அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அவள் அவ்வளவு நேரம் முறைத்ததில்லை.